நாடித் துடிப்பும் நோயாளியின் களைப்பும்: சோணையறை நடுக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மருத்துவரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டுபிடிப்புகள், கருவிகள், மருந்துகள், அவற்றோடு இணைந்த பெரும் பெயர்கள் என்பனவே அதன் அத்தியாயங்களாக அமைகின்றன. நோயாளி அங்கு இடம்பெறுவது ஓர் உதாரணமாக மாத்திரமே. இதற்குச் சான்றுகளின் இயல்பும் ஒரு காரணமாகும். மருத்துவர் குறிப்பு எழுதினார். கருவி கோடு வரைந்தது. நோயாளி சொன்னதோ பெரும்பாலும் காற்றோடு போயிற்று. அதிலும் களைப்பு என்னும் முறைப்பாடு சான்றாக நிலைபெறுவது மிக அரிது. காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு; குருதியமுக்கத்தை அளக்கவும் கருவி உண்டு; களைப்பை அளக்க மானி இல்லை. அதனைச் சொல்பவரின் சொல்லை நம்புவதா, நம்பாது விடுவதா என்பதே கேட்பவர் முன்னுள்ள வினா.

இந்த வினாவை வரலாற்று முறையில் ஆராய்வதற்கு இதய ஒழுங்கின்மை நோய்களுள் மிகப் பரவலானதான சோணையறை நடுக்கம் நல்லதொரு களமாகும். அந்நோயில் மருத்துவரின் விரலுக்கு எட்டுவது ஒன்று, நோயாளியின் உடலுக்குத் தெரிவது வேறொன்று. ஒழுங்கிழந்த துடிப்பை மருத்துவர் மணிக்கட்டிலே தொட்டு அறிகின்றார். பத்துப் படி ஏறியதும் நின்று மூச்சு வாங்குவதையும், நண்பகலுக்குள் அன்றைய வலு முழுவதும் தீர்ந்துபோவதையும் நோயாளி ஒருவரே அறிவார். இவ்விரண்டனுள் எதனை நோயெனக் கொள்வது, எதற்குச் சிகிச்சை செய்வது என்பதுபற்றி நூறாண்டுக்கு மேலாக நடைபெற்ற வழக்கு இன்னும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். இதயத்தின் மேற்பகுதியில் இரு சோணையறைகளும் கீழ்ப்பகுதியில் இரு இதயவறைகளும் உள்ளன. ஓய்வாக இருக்கும் ஒருவரின் வலச் சோணையறையிலுள்ள ஒரு சிறு கணு, நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையான மின்கணத்தாக்கங்களைப் பிறப்பித்து முழு இதயத்தையும் ஒரே தாளத்தில் இயக்குகின்றது. சோணையறை நடுக்கத்தில் இக்கணுவின் ஆட்சி குலைகின்றது. சோணையறைகளின் தசை நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை ஒழுங்கின்றித் துடித்து, சுருங்குவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கின்றது. அத்தனை கணத்தாக்கங்களும் கீழே இறங்கிவிடாமல் இடையிலுள்ள மற்றொரு கணு தடுக்கின்றது. எனினும் வடிகட்டிய பின் எஞ்சுவனவே இதயவறைகளை விரைவாகவும் தாறுமாறாகவும் அடிக்கச் செய்யப் போதுமானவை.

களைப்பு பிறக்குமிடம் இதுவே. இதயவறை நிரம்பும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, சோணையறை இறுதியாகச் சுருங்கித் தள்ளுவதனால் வருவது. நடுங்கும் அறை அதனைத் தள்ளுவதில்லை. துடிப்புகள் நெருங்கி வருவதால் நிரம்புவதற்கான நேரமும் குறைகின்றது. நெடுநாள் இவ்வாறு விரைந்து ஓடும் இதயத்தின் தசையே தளர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் இவ்விளக்கம் எல்லா நோயாளருக்கும் ஒரே அளவிற் பொருந்துவதில்லை. ஒருவர் எதுவும் அறியாது பல்லாண்டு நடமாடுகின்றார். ஒரே வேகத்தில் துடிக்கும் இதயத்தையுடைய இன்னொருவர் உடுப்புத் துவைத்து முடிக்கவே வலுவின்றிக் கட்டிலிற் சாய்கின்றார். நாடியின் எண்ணிக்கையைக் கொண்டு களைப்பின் அளவைக் கணிக்க முடியாது என்பதே இந்நோயின் வரலாற்றைச் சிக்கலாக்கியது.

ஒழுங்கற்ற நாடியை மனிதர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். சீன மருத்துவமும் கிரேக்க மருத்துவமும் நாடி பார்ப்பதைக் கலையாக வளர்த்தன. நமது சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வளி, அழல், ஐயம் என முக்குற்றங்களைத் தேடினர். அவர்கள் கேட்ட வினாவும் இங்கு பேசப்படும் வினாவும் ஒன்றல்லவாதலின் இரண்டையும் பொருத்திப் பெருமை பேசுவது வரலாற்றுக்கு உதவாது. 1628 இல் வில்லியம் ஹார்வி, இறந்துகொண்டிருக்கும் விலங்கின் இதயம் ஓய்ந்த பின்னரும் வலச் சோணையறை மெல்லத் துடிதுடிப்பதைக் கண்டு எழுதினார். 1749 இல் பிரெஞ்சு மருத்துவர் சேனாக், அடங்க மறுக்கும் இதயப் படபடப்புக்கும் வால்வு நோய்க்கும் உள்ள தொடர்பைக் குறிப்பிட்டதோடு, அப்படபடப்புக்குச் சின்கோனாப் பட்டையையும் பரிந்துரைத்தார். அப்பரிந்துரை மறக்கப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின் ஒரு வியாபாரி அதனைத் தற்செயலாக மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இந்நோய்க்குக் கிடைத்த முதலாவது பயனுள்ள மருந்தும் கல்விமான்களிடமிருந்து வந்ததன்று. 1775 இல் இங்கிலாந்தின் சுறொப்சயர்ப் பகுதியைச் சேர்ந்த முதிய பெண்ணொருவர் இரகசியமாகப் பேணிவந்த குடும்ப மருந்தொன்று பற்றி வில்லியம் விதறிங் என்னும் மருத்துவரின் கருத்துக் கேட்கப்பட்டது. மருத்துவர்கள் கைவிட்ட உடல் வீக்கத்தை அம்மருந்து குணப்படுத்தியதாக அறியப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த அதில் வேலை செய்வது பொக்ஸ்குளோவ் எனப்படும் டிஜிற்றாலிசுச் செடியே எனக் கண்ட விதறிங், பத்தாண்டு சோதித்து 1785 இல் நூலாக வெளியிட்டார். அப்பெண்ணுக்கு 'மதர் ஹற்றன்' என்று ஒரு பெயர் பிற்காலத்தில் வழங்கியது. அது 1928 இல் மருந்துக் கம்பனியொன்றின் விளம்பரத்திற் பிறந்த கற்பனை. மருந்தைத் தந்தவரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. விளம்பரம் ஒன்று அவ்வெற்றிடத்தை நிரப்பியது.

விதறிங் வைத்தியம் செய்தது வீக்கத்துக்கு. அவருடைய நோயாளருட் பலருக்குச் சோணையறை நடுக்கம் இருந்திருக்கும் எனப் பின்வந்தோர் கருதுவர். டிஜிற்றாலிசு இடைக் கணுவைக் கட்டுப்படுத்தி இதயவறையின் வேகத்தைக் குறைக்கும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அச்செடியில் உள்ள தூரம் மிகச் சிறிது. நம் நாட்டு வேலிகளில் பூக்கும் மஞ்சள் அலரியின் நஞ்சும் இதே இனத்தைச் சேர்ந்ததே. டிஜிற்றாலிசு இன மருந்தின் நச்சுத்தன்மையை முறிக்கவெனத் தயாரிக்கப்பட்ட பிறபொருளெதிரி, அலரி நஞ்சால் குலைந்த இதயத் தாளத்தையும் மீட்கும் என்பது இலங்கை வைத்தியசாலையிற் செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றினால் நிறுவப்பட்டது.

இந்த வரலாற்றில் நோயாளியின் சொல்லுக்கு உரிய இடத்தைத் தேடிய முதல்வர் என ஜேம்ஸ் மக்கென்சியைக் குறிப்பிடலாம். 1853 இல் ஸ்கொத்லாந்திற் பிறந்த அவர் 1879 முதல் 1907 வரை லங்காசயரின் பேர்ன்லி என்னும் நெசவாலை நகரில் பொது வைத்தியராகப் பணியாற்றினார். பெருநகர வைத்தியசாலையின் விசேட நிபுணர் ஒரு நோயாளியைச் சில வாரங்களே காண்பார். பேர்ன்லி வைத்தியரோ அதே ஆலைத் தொழிலாளியை இருபதாண்டு தொடர்ந்து காண்பார். எவரது இதயத்தில் முணுமுணுப்பு ஒலித்தும் அவர் முதுமை வரை உழைத்தார், எவரது இதயம் குறையின்றி ஒலித்தும் அவர் நாற்பதில் வீழ்ந்தார் என்பதைக் காணும் வாய்ப்பு பின்னவருக்கே உண்டு. காலத் தொடர்ச்சியே அறிவைத் தருகின்றது என்ற வகையில் மக்கென்சியின் முறை வரலாற்று மாணவருக்கு அந்நியமானதன்று.

மணிக்கட்டு நாடியையும் கழுத்து நாளத்தின் அலையையும் ஒரே கடதாசிச் சுருளில் ஒருங்கே பதியும் கருவியொன்றை அவர் ஆக்கிக்கொண்டார். அதனைச் செம்மைப்படுத்த உதவியவர் அயலூர் மணிக்கூட்டுக்காரர் ஒருவர். 1880 முதல் அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த வாதக் காய்ச்சல் நோயாளி ஒருவரின் பதிவுகளில், சோணையறை சுருங்குவதைக் காட்டும் சிற்றலை தவறாது இருந்து வந்தது. 1890 களின் இறுதியில் அவரது நாடி திடீரெனத் தாறுமாறாயிற்று. அன்று முதல் அச்சிற்றலை பதிவிலிருந்து மறைந்தது. சோணையறை செயலிழந்துவிட்டது என மக்கென்சி முடிவுகட்டினார். அது செயலிழக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது என்பதை அவரது கருவியாற் காட்ட முடியவில்லை. ஆயினும் நோயின் இருப்பிடம் சோணையறையே என்பது மணிக்கூட்டுக்காரரின் துணையோடு கிராமிய வைத்தியர் ஒருவரால் இவ்வாறு கண்டறியப்பட்டது.

கருவி ஆக்கிய மக்கென்சியே கருவியை அதிகம் நம்பாதவராகவும் இருந்தார் என்பது நோக்கற்பாலது. இதயத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் வினா அது எவ்வாறு ஒலிக்கின்றது என்பதன்று, அதனைத் தாங்கியுள்ளவர் எவ்வளவு வேலை செய்கின்றார், எவ்விடத்தில் நிறுத்துகின்றார் என்பதே என அவர் வலியுறுத்தினார். முயற்சியின்போது தோன்றும் மூச்சிளைப்பும் சோர்வும் இதயத்தசையின் கையிருப்பு குறைந்தமைக்கு ஆரம்ப அடையாளங்கள் என்றார். நெஞ்சுவலி நோயால் தாமும் பல்லாண்டு வருந்திய அவர், 1919 இல் சென் அன்றூசில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்ததும் நோயின் ஆரம்பக் குணங்குறிகளை ஊர் வைத்தியர்கள் மூலம் ஆராய்வதற்கே. 1925 இல் அவர் இறந்தார். நிறுவனம் அவரது நோக்கத்தை நெடுங்காலம் தாங்கி நிற்கவில்லை. காலம் வேறு திசையிற் சென்றுகொண்டிருந்தது.

அத்திசையைக் காட்டியவர் ஒல்லாந்தரான எயின்தோவன். லெய்டன் நகரில் அவர் ஆக்கிய இழைக் கல்வனோமானி இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்தது. அவர் 1906 இல் வெளியிட்ட பதிவுகளுள் ஒழுங்கற்ற நாடியின் பதிவும் ஒன்று. 1909 இல் வியன்னாவில் றொத்பேர்கர், வின்ரர்பேர்க் ஆகிய இருவரும், இலண்டனில் மக்கென்சியின் இளைய நண்பரான தோமஸ் லூயிசும், மனிதரில் காணப்படும் முற்றாக ஒழுங்கிழந்த நாடிக்குக் காரணம் சோணையறை நடுக்கமே என நிறுவினர். லூயிஸ் அத்துடன் அமையாது, இதே ஒழுங்கின்மையுள்ள குதிரையொன்றின் மார்பைத் திறந்து, நடுங்கும் சோணையறையைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்தார். இதன் பின் நோய்க்குப் பெயர் உண்டு, படம் உண்டு, பொறிமுறை உண்டு. எயின்தோவனுக்கு 1924 இல் நோபல் பரிசும் கிடைத்தது. கோடு தெளிவடையத் தெளிவடைய, நோயாளி சொல்லும் கதையைக் கேட்கவேண்டிய தேவை குறைந்தது போலத் தோன்றிற்று.

முதலாம் உலகப் போர் இதற்கு ஓர் எதிர்ச்சான்றைத் தந்தது. சிறிது நடந்தாலே களைத்து, நெஞ்சு படபடத்து வீழ்ந்த போர்வீரர் ஆயிரக்கணக்கில் வைத்தியசாலைகளுக்கு வந்தனர். அவருட் பெரும்பாலானோரின் இதயத்திற் கருவி எக்குறையும் காணவில்லை. லூயிஸ் அதற்கு 'முயற்சிக் குணங்குறித் தொகுதி' என்று பெயரிட்டுப் படிப்படியான உடற்பயிற்சியால் அவர்களைத் தேற்றினார். களைப்பு இதயத்தைப் பற்றிப் பொய் சொல்லவும் கூடும் என்ற எண்ணம் இதய மருத்துவரிடையே வேரூன்ற இந்த அனுபவமும் ஓரளவு காரணமாயிற்று எனக் கொள்வது தவறாகாது.

இந்நிலையிலேதான் ஒல்லாந்த வியாபாரி ஒருவர் வருகின்றார். காரல் வெங்கபாக் அக்காலத்தில் இதயத் தாள ஒழுங்கின்மை பற்றி ஐரோப்பாவிலேயே மிக நன்கறிந்தவருள் ஒருவர். போருக்குச் சற்று முன்னர் அவரிடம் வந்த இவ்வியாபாரிக்கு அவ்வப்போது சோணையறை நடுக்கம் வந்து வந்து போயிற்று. பெருந்துன்பம் எதுவும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் தமது வியாபாரக் காரியங்களை ஒழுங்காக வைத்திருந்து பழகிய தமக்கு இதயக் காரியமும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்றார். இதைத் தீர்க்க முடியாதெனின் இதய நிபுணர்கள் எதற்கு என்றும் வினவினார். தம்மால் வாக்களிக்க முடியாது என்றார் வெங்கபாக். அவ்வாறாயின் தமக்கே வழி தெரியும், நாளைக் காலை ஒழுங்கான நாடியோடு வருவதாகச் சொல்லிச் சென்ற நோயாளி, சொன்னவாறே வந்தார். அவர் எடுத்தது ஒரு கிராம் குயினைன்.

மலேரியா நாடுகளில் குயினைன் எந்த நோய்க்கும் எடுக்கப்படும் பொது மருந்தாக இருந்தது. இவ்வியாபாரியும் அப்படித் தற்செயலாக எடுத்தபோது அதன் பலனைக் கண்டார் என வெங்கபாக் பின்னர் விளக்கினார். இலங்கையருக்கு இது புதிய செய்தியன்று. 1861 இல் ஹக்கல தோட்டம் அமைக்கப்பட்டது சின்கோனாவைப் பயிரிடுவதற்கே. 1869 இற் கோப்பியைத் தாக்கிய இலைநோய் தோட்டங்களை அழித்தபோது துரைமார் ஏராளமான நிலத்தைச் சின்கோனாவுக்கு மாற்றினர். பட்டை மலிந்து விலை வீழ்ந்தது. பின்னர் சந்தை ஜாவாவின் ஒல்லாந்தத் தோட்டங்களின் கைக்குப் போயிற்று. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கொயினாவின் கைப்பை நாவில் உணராத குடும்பம் நோய் பரவிய பிரதேசங்களில் அரிதாகவே இருந்திருக்கும். அக்கைப்பினுள் இதயத் தாளத்தை மீட்கும் ஆற்றலும் உண்டென்பது ஒரு நோயாளியின் சொல்லால் வெளிப்பட்டது. வெங்கபாக்கின் பெருமை அம்மருந்தைக் கண்டுபிடித்ததில் இல்லை. தாம் அறியாத ஒன்றை நோயாளி அறிந்திருந்தார் என்பதை 1914 இல் வெளியிட்ட தமது நூலில் மறைக்காது எழுதியதில் உள்ளது. 1918 இல் ஜேர்மனியில் வால்ற்றர் பிறே, சின்கோனா மரத்தின் மற்றொரு சாறான குயினிடின் இதனினும் வலியது எனக் காட்டினார்.

அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் குயினிடின் ஆட்சி செய்தது. தாளம் திரும்பினால் நோய் தீர்ந்தது என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆயினும் குயினிடின் எடுத்தோருட் சிலர் திடீரென மயங்கி வீழ்ந்தனர், சிலர் இறந்தனர். 1964 இல் இம்மயக்கத்துக்குக் காரணம் அம்மருந்தே உண்டாக்கும் வேறொரு கொடிய தாளக்கேடு எனக் காட்டப்பட்டது. 1990 இல் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோது, குயினிடின் நடுக்கம் திரும்பாது காத்தது என்பதும், அதனை எடுத்தோருள் இறந்தோர் விகிதம் எடுக்காதோரைவிட ஏறத்தாழ மும்மடங்கு என்பதும் ஒருங்கே தெரியவந்தன. மாரடைப்புக்குப் பின் இதயவறையில் எழும் மிகைத் துடிப்புகளை அடக்கும் வேறு மருந்துகளும், பதிவிலே கோட்டைச் சீராக்கிக்கொண்டே நோயாளரைக் கொன்றன என்பது 1989 இல் அமெரிக்கச் சோதனையொன்றில் வெளிப்பட்டிருந்தது. கோட்டுக்குச் செய்யும் சிகிச்சை மனிதருக்குச் செய்யும் சிகிச்சை ஆகாது என்பதை மருத்துவம் இத்துணை விலை கொடுத்துக் கற்றது.

இதற்கிடையில் 1962 இல் பொஸ்ரனைச் சேர்ந்த பேர்னாட் லோன், நேரோட்ட மின்னதிர்ச்சி ஒன்றினாற் கண நேரத்தில் தாளத்தை மீட்கும் முறையை அறிமுகப்படுத்தினார். மயக்க மருந்து, ஓர் அதிர்ச்சி, சீரான தாளம். ஆனால் பலரில் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் குலைந்தது. ஏன் குலைகின்றது என்பதற்கு 1995 இல் அலசியும் சகாக்களும் ஒல்லாந்தில் ஆடுகளிற் செய்த ஆய்வு ஒரு விடை தந்தது: நடுக்கம் நீடிக்க நீடிக்கச் சோணையறையின் இயல்பே மாறி, நடுக்கம் மேலும் நடுக்கத்தை வளர்க்கின்றது. பொறுத்திருந்து பார்ப்போம் என்னும் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இது கசப்பான செய்தி.

தாளத்தை விட்டுவிட்டு வேகத்தை மாத்திரம் அடக்குவது மாற்று வழி. 1930 இற் பிரித்தெடுக்கப்பட்ட டிகொக்சின் இதற்குப் பயன்பட்டது. கதிரையில் அமர்ந்திருக்கும் நோயாளியின் நாடியை அது அழகாகக் குறைக்கும். அவர் எழுந்து நடந்தால் நரம்புத் தூண்டல் அதன் பிடியைத் தளர்த்திவிடும். ஆகவே வைத்தியரின் அறையில் எண்ணப்பட்ட நாடி திருப்தியாக இருக்க, நோயாளி வீட்டுப் படியில் மூச்சிரைத்து நின்றார். 1960 களில் ஜேம்ஸ் பிளக் உருவாக்கிய புறொப்பிறனோலும் அதன் வழிவந்த பீற்றா தடுப்பு மருந்துகளும் உழைக்கும்போதும் வேகத்தை அடக்கின. ஆனால் அவை சிலருக்குத் தாமே களைப்பைத் தருவன. களைப்பென்று வந்தவருக்குக் களைக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்து, நாடி சீராயிற்று என்று எழுதி அனுப்பும் நிலை இவ்வாறு உருவாயிற்று. களைப்பு நோயாலா, மருந்தாலா, அல்லது கூடவே இருக்கக்கூடிய குருதிச்சோகை, தைரொயிட்டுக் கோளாறு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் என்பவற்றாலா எனப் பிரித்தறிவது இன்றும் எளிதன்று.

பாரிசவாதம் பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை. நடுங்கும் சோணையறையில் குருதி தேங்கி உறையும். இந்நோயால் பாரிசவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகும். வார்பரின் முதலிய உறைதடுப்பு மருந்துகள் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். இது களைப்பைத் தீர்ப்பதன்று, உயிரைக் காப்பது. களைப்புத் தெரியாதவருக்கும் உரியது. நம்மைப் போன்ற நாடுகளில் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளவயதினரிலும் இந்நோய் காணப்படுதலின் ஒன்றைக் கூறவேண்டும்: ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் நடந்து 2022 இல் வெளியான சோதனை, இத்தகையோருக்குப் புதிய மருந்தான றிவறொக்சபானிலும் வார்பரின் வகை மருந்துகளே சிறந்தவை எனக் காட்டியது. செல்வ நாடுகளின் முதியோரிற் பெற்ற முடிவை அப்படியே இறக்குமதி செய்யலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

தாளமா, வேகமா என்னும் வழக்கு 2002 இல் தீர்ப்புக்கு வந்தது போலத் தோன்றியது. 4060 நோயாளர் பங்குபற்றிய வட அமெரிக்க ஆய்வொன்றில், மருந்தாற் தாளத்தை மீட்க முயன்றவரும் வேகத்தை மாத்திரம் அடக்கியவரும் உயிர் வாழ்வதில் வேறுபடவில்லை. அதே ஆண்டு வெளியான ஒல்லாந்த ஆய்வும் அதனை ஒத்திருந்தது. வேகத்தை அடக்கி உறைதடுப்பு மருந்து கொடுத்தால் போதும் என்று பலர் முடிவுசெய்தனர். இங்கே வரலாற்று மாணவர் கேட்டுப் பழகிய வினாவைக் கேட்டாக வேண்டும்: இந்த ஏட்டில் இடம்பெற்றோர் யார், இடம்பெறாதோர் யார்? சேர்க்கப்பட்டோரின் சராசரி வயது எழுபதை அண்மித்தது. களைப்பினால் மிக நலிந்து, தாளத்தை மீட்டே ஆகவேண்டும் என்று வைத்தியர் கருதியவர்கள் சீட்டுக் குலுக்கலில் விடப்படவில்லை. ஆகவே அந்த எண்கள் எவரைப் பற்றி அதிகம் பேசவேண்டுமோ அவரைப் பற்றியே குறைவாகப் பேசின.

ஆயினும் அவ்வாய்வு எதிர்பாராத நன்மையொன்றைச் செய்தது. உயிர்வாழ்வில் இரு வழியும் சமமெனின், தேர்வை முடிவுசெய்வது எது? நோயாளி எவ்வாறு உணர்கின்றார் என்பதே. களைப்பு இதனாற் பின்வாசலை விட்டு முன்வாசலால் மருத்துவத்துள் நுழைந்தது. 2007 இல் ஐரோப்பிய வல்லுநர் குழுவொன்று நோயாளியின் குணங்குறிகளை நான்கு படிகளாக வகுத்தது. அன்றாட வேலை பாதிக்கப்படவில்லையா, பாதிக்கப்பட்டதா, முற்றாக நின்றதா என்பதே அதன் அளவுகோல். மக்கென்சி பேர்ன்லியிற் கேட்ட வினா நூறாண்டின் பின் அட்டவணையாகத் திரும்பி வந்தது.

சிகிச்சையும் மாறியிருந்தது. 1987 இல் ஜேம்ஸ் கொக்ஸ் சோணையறையை வெட்டித் தைத்து நடுக்கத்தின் வழிகளை அடைக்கும் சத்திரசிகிச்சையைச் செய்தார். 1998 இல் பிரான்சின் போர்தோ நகரில் ஹைசகெர் குழுவினர், 45 நோயாளரை ஆராய்ந்து, நடுக்கத்தைத் தூண்டும் பொறிகளிற் பெரும்பாலானவை சுவாசப்பை நாளங்களின் வாயிலிருந்து எழுவதைக் கண்டனர். தொடை நாளத்தினூடாக மெல்லிய கதீற்றரைச் செலுத்தி அவ்வாயில்களைச் சுற்றியுள்ள இழையத்தைச் சுட்டோ உறையவைத்தோ தனிமைப்படுத்தும் சிகிச்சை இதிலிருந்து பிறந்தது. அது ஆபத்தற்றதன்று, இதயத்தைச் சுற்றிக் குருதி கசிதல், பாரிசவாதம் முதலியன சிறு தொகையினருக்கு நேர்கின்றன, சிலருக்கு இரண்டாம் முறையும் செய்யவேண்டியுள்ளது. அமியோடறோன் போன்ற மருந்தை நீண்டகாலம் எடுப்பதும் தைரொயிட்டுக்கும் சுவாசப்பைக்கும் கேடு செய்யக்கூடியதே. ஒரு களைப்பை நீக்க எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதைக் களைத்தவரே சொல்லவேண்டியுள்ளது.

2019 இல் வெளியான பெரிய ஆய்வு, கதீற்றர்ச் சிகிச்சை உயிரிழப்பு முதலிய பெருங்கேடுகளைத் திட்டமாகக் குறைத்தது என நிறுவவில்லை. வாழ்க்கைத் தரத்தை மருந்தினும் அதிகம் உயர்த்தியது எனக் காட்டியது. 2020 இல் ஐரோப்பாவில் 2789 பேரிற் செய்த ஆய்வு, நோய் கண்டு ஓராண்டுக்குள் தாளத்தை மீட்கத் தொடங்கினால் பாரிசவாதமும் இதய நோய் மரணமும் குறையும் எனக் கண்டு 2002 இன் தீர்ப்பை அசைத்தது. நோயாளியின் சொந்த முயற்சிக்கும் இடமுண்டு. உடற்பருமன் உடையோர் எடையைக் குறைத்ததாலும், மதுப் பழக்கமுடையோர் அதனை நிறுத்தியதாலும் நடுக்கம் வருவது குறைந்தமை அவுஸ்திரேலிய ஆய்வுகளில் முறையே 2015 இலும் 2020 இலும் காட்டப்பட்டது.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. பெருஞ்சிகிச்சை ஒன்றைப் பெற்றவர் அதன் நம்பிக்கையினாலேயே களைப்பு நீங்கியதாகச் சொல்லக்கூடுமன்றோ? 2024 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு இதனை நேரே சோதித்தது. 126 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மைச் சிகிச்சையும் மற்றப் பகுதியினருக்குப் போலிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. எவருக்கு எது என்பது நோயாளருக்குத் தெரியாது. ஆறு மாதத்தின் பின் உண்மைச் சிகிச்சை பெற்றோரில் நடுக்கமும் குறைந்திருந்தது, அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்ன நிலையும் தெளிவாக மேம்பட்டிருந்தது. நோயாளியின் சொல் கருவியின் பதிவோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டு நின்றுபிடித்தது.

நோயாளியின் சொல்லை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்கலாகாது. பல மாதம் தொடர்ந்து நடுக்கத்தில் இருப்பவர் தமக்குக் குறையெதுவும் இல்லை என்பார். விசாரித்தால், மாடியில் இருந்த படுக்கையைக் கீழே கொண்டுவந்திருப்பார். சந்தைக்கு நடந்து போனவர் இப்போது பஸ்ஸில் போவார். மாலைவேளை கோயிலுக்குப் போவதை விட்டிருப்பார். வயது போய்விட்டது என்பதே அவர் தரும் காரணமாக இருக்கும். தாம் களைத்திருப்பதை அவரே அறியார். இத்தகையோருக்கு, உறைதடுப்பு மருந்து போதிய காலம் கொடுத்த பின், லோன் வகுத்த மின்னதிர்ச்சியை ஒருமுறை கொடுத்து, தாளம் சீராக உள்ள சில வாரங்களில் அவர் எவ்வாறு உணர்கின்றார் என்று கேட்கும் வழக்கம் இன்றைய இதய மருத்துவத்தில் உள்ளது. வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்பவர் வேகத்தை அடக்கும் மருந்தோடு நிம்மதியாக இருக்கலாம். வேறு சிலர் அந்தச் சில வாரங்களிலேயே படுக்கையைத் திரும்பவும் மாடிக்குக் கொண்டுபோகின்றனர்.